ஈரத்தலை

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. சென்னியப்பன் அண்ணன் சொல்லக் கேட்டது. திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் நிட்டிங் பிரிவு அவர் பொறுப்பு. நான் அதே கம்பெனியின் சோதனை அறையில் துணியைத் துவைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று அளந்து சொல்கிறவள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, பாதி திரும்பியபடி, ஒரு நாள் கொஞ்சம் மறுநாள் கொஞ்சம் என்று சொன்னார். நடுவில் அவர் இறங்கும் இடம் வந்துவிடும். மறுநாள் விட்ட இடத்தில் தொடங்க மாட்டார். மனதில் அப்போது எது நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதை எழுதினாலும் இது உனக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்கப்போகிறார்கள் என்கிற பயம் என்னை விடுவதில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவர் மனதில் ஓடியது இது. அவர் நான் என்று சொன்ன இடத்தில் நானும் நான் என்றே எழுதுகிறேன். ஒட்டுப்போட்ட இடங்கள் என்னுடையவை. தையல் தெரிந்தால் குறை என் கையில்தான்.

நாளைக்குப் போகப்போகிற முடிக்கு இன்றைக்கு எதற்கு இத்தனை பாடு. கீழே செம்பருத்திச் செடியில் இலை பறித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா தெய்வாத்தாள் இதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு வேலிப்பக்கம் போன கிளையை அவளே வளைத்தும் கொடுத்தாள். விடிந்தால் கார் வரும். குலக்கோயிலில் வேப்பமரத்தடியில் முடி எடுக்கிறவர் காத்திருப்பார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைப்பதுதான் முறை. என் மகள் மாரியின் தாய்மாமன் கென்யாவில் கரும்பு லாரி ஓட்டுகிறான், தனக்கு இப்படி ஒரு பொறுப்பு இருப்பதே அவனுக்குத் தெரியாது, அதனால் என் மடிதான். என் மடியில் வைத்து மொட்டை அடிப்பார்கள். தலை ஆடாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது பிடித்துக்கொண்டிருக்கிற இதே தலையை. மாரி பலகையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் முழங்கால் இரண்டையும் நாற்காலிக் கைபோல வைத்துக்கொண்டு பொரிகடலை தின்கிறாள். ஏழு வயது. ஒவ்வொரு கடலைக்கும் தலை அசைகிறது. ஆடாதே சாமி என்கிறேன். நான் ஆடலை, வாய்தான் ஆடுது என்கிறாள். தண்ணீர் முதலில். இஸ்திரி போடும்போது தெளிக்கிற புட்டியிலிருந்து தூறலாக விழுகிறது, முடியின் மேல் முத்து முத்தாக நிற்கிறது, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசிக்கிறது. பிறகு போகிறது. அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். தண்ணீர் முதலில், அப்புறம் இலைச்சாறு, அப்புறம் எண்ணெய். ஜன்னல் கட்டையில் போன் இருக்கிறது. அதில் நஃபுலாவின் குரல் கிடக்கிறது, கேட்கப்படாமல். என் மனைவி. அவள் அம்மாவுக்குக் காலில் ஆபரேஷன்; பார்த்துக்கொள்ள கென்யாவுக்கே போயிருக்கிறாள். மொட்டையைப் பற்றி நேற்றுத்தான் அவளுக்கு எழுதினேன். காலையில் பதிலாக இந்தக் குரல் வந்தது. எழுத்தாக வந்திருந்தால் ஓரக்கண்ணால் பார்த்திருப்பேன். குரலை அப்படி ஓரமாக நின்று கேட்க முடியாது. கை ஈரம், இலைச்சாறு முழங்கை வரைக்கும் வழவழக்கிறது. கை காய்ந்ததும் கேட்கிறேன். காய்வதற்குள் மறுபடி நனைத்துக்கொள்கிறேன்.

அக்கா மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது. வந்தால் சுலபமாக இருக்கும். ஐப்பசியில் மாரிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகலில் நஃபுலா, இரவில் அக்கா. நான் இருவருக்கும் நடுவில் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ரத்தத்தில் ஏதோ இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கிணற்றுப் படிக்கட்டு மாதிரி. ஒரு விடியலில் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். இந்தப் புள்ள எந்திரிச்சு நடந்தா உனக்கு முடி எடுக்கறேன் ஆத்தா. சத்தமாகவே சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் சாட்சி. அன்று மத்தியானம் மாரி எழுந்து உட்கார்ந்து ஐஸ் வேண்டும் என்று அழுதாள். நாங்கள் மூன்று பேரும் அவளை அமர்த்தத் தோன்றாமல் அந்த அழுகையைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம். ஆத்தா தன் பங்கைச் செய்துவிட்டாள். எங்கள் பங்கு பாக்கி. வேண்டிக்கொண்டதைச் செய்யாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் பயம். அடுத்த காய்ச்சலுக்கு யார் முன்னால் போய் நிற்பது. மாரியின் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடு இல்லை. ஈரம்தான். மொட்டைக்குப் பதில் பூமுடி கொடுக்கலாமே என்று அக்காவிடம் போன வாரம் மெல்லக் கேட்டேன். பெண்கள் முழுத்தலையும் மழிக்காமல் நுனியில் மூன்று விரல்கடை வெட்டிக் கொடுப்பது உண்டு. அக்காவே கல்யாணத்துக்கு முன் கொடுத்திருக்கிறாள். அவள் என்னைக் கோபிக்கவில்லை. மாரியின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பூமுடி குடுக்கறதுன்னா முடி தொங்கோணும்டா. நுனின்னு ஒண்ணு இருக்கோணும். இவளுக்கு நுனி எங்கிருக்குதுன்னு நீயே காட்டு. பந்துக்கு ஏது நுனி?" எனக்கும் காட்டத் தெரியவில்லை. காதுக்குக் கீழே இறங்காத முடி. பிறந்ததிலிருந்து வளரவே இல்லை என்று தெருவே சொல்கிற முடி. மொட்டை போட்டால் அடுத்தது நேராக முளைக்கும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதல்தான் எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நேராக முளைக்க வேண்டும் என்று யார் கேட்டது.

பந்து. அது பந்தாகச் சுருங்கியதில் எங்கள் வீட்டுக் கைகளுக்கும் பங்கு உண்டு. நஃபுலா போகும்போது தலை முழுக்கச் சின்னச் சின்னதாகப் பின்னிவிட்டுப் போனாள். ஒரு மாதத்துக்கு அவிழ்க்க வேண்டாம், இடையிடையே தண்ணீர் தெளியுங்கள், தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு என்றாள். சரி சரி என்றேன். பொங்கல் வந்தது. பொங்கலுக்கு எண்ணெய் தேய்க்காத பிள்ளை உண்டா. அக்கா பின்னலை அவிழ்த்தாள். காய்ந்த தலையில் உள்ளங்கை உள்ளங்கையாக நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் துளியும் தங்காமல் அரப்புத்தூள் போட்டு அலசினாள். காய்ச்சலில் கிடந்த உடம்பு, ஈரத்தலை ஆகவே ஆகாது என்று கூடையைக் கவிழ்த்து அடியில் சாம்பிராணி போட்டு, முடி சருகுபோல ஆகும்வரை காயவைத்தாள். பிறகு பொடிப்பல் சீப்பால் வாரினாள். என் தலையும் அப்படித்தான் வளர்ந்தது, அக்கா தலையும். அதில் அன்பு குறைந்த இடம் ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை அதுவே நடந்தது, முடி மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அக்கா வாருகிறாள், மாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறாள், சீப்பிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எங்கே கேட்டது, எங்கே. வாரம் முழுக்க அது காதுக்குள் இருந்தது. சித்திரை வெயிலில் நிட்டிங் மெஷினில் நூல் அறும்போது வருகிற சத்தம். மெஷின் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், ஓடுவோம். இந்தத் தலையில் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். நான் வேலை கற்றது அவிநாசிப் பக்கம் ஒரு நூல்மில்லில். உள்ளே நுழைந்தால் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும். மேலிருந்து பனிபோலத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். பஞ்சுக்கு ஈரம் இல்லாவிட்டால் நூல் நிற்காது. மெழுகு தடவுவதெல்லாம் அப்புறம். அத்தனை வருஷம் அந்தப் பனியில் நனைந்தவன் நான். மகள் தலைக்கு மட்டும் எண்ணெய்தான் ஈரம் என்று நினைத்திருந்தேன். எண்ணெய் வெறும் கதவு. உள்ளே எதுவும் இல்லாமல் கதவைச் சாத்தி என்ன பிரயோசனம். அக்காவிடம் சொன்னேன். ஈரத்தலையோட வெச்சிருந்து மறுக்காக் காய்ச்சல் வந்தா ஆரு பதில் சொல்றது என்றாள். பிடரியில் புறங்கை. சூடு இல்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். வடிகஞ்சி நல்லது என்று கம்பெனியில் ஒரு பெண் சொன்னாள். ஊற்றினேன். மறுநாள் மாரி தலை கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி நின்றது. தட்டினால் சத்தம் வரும்போல இருந்தது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னைக்கு நான் தொப்பி போட்டுக்க வேண்டாம் என்றாள். ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் போட்டேன். அலசி அலசிப் பார்த்தும் போகவில்லை, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை உங்க வீட்டுல தோசையா என்று கேட்டதாம். சோற்றுக்கற்றாழை குளிர்ந்தது, காய்ந்ததும் பொருக்குத் தட்டியது. ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஜவ்வுபோல ஒன்று வருகிறது, அது பரவாயில்லை. எல்லாவற்றிலும் செம்பருத்தி இலைதான் முடிக்கு இணங்குகிறது. தண்ணீரில் கசக்கி, பனியன் துணியில் வடிகட்டினால், சிக்குக்குள் விரல் தானாக வழி கண்டுபிடிக்கிறது. துடைக்கவும் பனியன் துணிதான். பூத்துண்டு முடியைப் பிடித்து இழுக்கிறது. கட்டிங்கில் மிஞ்சுகிற துணியில் மிருதுவான துண்டாகப் பார்த்து எடுத்துவருகிறேன். உள்துணி தைப்பவர்களிடம் சாட்டின் வாங்கித் தலையணைக்கு உறை போட்டேன். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ராணியம்மா தலவாணியாட்ட இருக்குது என்றாள். பின்னல்தான் வரவில்லை. மூன்று கால் பின்னல் போட்டால் நுனியில் பிரிந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இரட்டைச்சடை, சிவப்பு ரிப்பன் என்று கட்டாயம். இரண்டு பக்கமும் உருட்டிக் கட்டி அனுப்பினால் டீச்சர் இது சடையா என்று கேட்டாராம், ஆமாங் டீச்சர், சுருட்டி வெச்சிருக்குது என்று மாரி சொன்னாளாம். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள், பஸ்ஸில் பெரியவர்களும்தான், கேட்காமலே கை நீளும். தொட்டா கொட்டும்னு சொல்லிட்டேன்பா என்றாள் ஒரு நாள். கொட்டுச்சான்னு கேட்டாங்களா? கேக்கல, கைய எடுத்துட்டாங்க. என் மகளுக்குத் தைரியம் இருக்கிறது. எனக்குத்தான் நாளைக்கு அந்தத் தைரியத்தையும் சேர்த்து மழித்துவிடுவேனோ என்று இருக்கிறது.

விரலில் ஒரு சிக்கு. நிற்கிறேன். போலெ போலெ. நஃபுலா ஊர்ப் பேச்சில் அதற்கு மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். நான் கென்யாவில் பனியன் பாக்டரிக்கு மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போனபோது முதலில் கற்ற வார்த்தை. நஃபுலா தையல் வரிசையில் இருந்தாள். தலையில் எப்போதும் துணி. கல்யாணம் பேசிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து தலை அலசிக்கொண்டிருந்தாள், பாதித் தலை பின்னியும் பாதி அவிழ்ந்தும். உள்ளே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஒரு பின்னலின் நுனியை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் நூல் பிடிப்பவன், இறுக்கிப் பிடித்தேன். போலெ போலெ என்றாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் எனக்கு வேறு யோசனை இல்லை. அவள் பெயருக்கு மழைக்காலத்தில் பிறந்தவள் என்று பொருளாம். அதனால் மகளுக்கு நான் மாரி என்று வைத்தேன். எங்கள் ஊர் ஆத்தாவுக்கும் ஆச்சு, அவள் மழைக்கும் ஆச்சு என்று. மாரி பிறந்த வாரம் நஃபுலா பெட்டியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் எடுத்தது. வரிசை வரிசையாகப் பெண்பிள்ளைகள், ஒரே சட்டை, எல்லாத் தலையும் ஒட்ட வெட்டிய தலை. இதில் நான் யார் சொல்லு என்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை. அவளே விரல் வைத்துக் காட்டினாள். பள்ளி திறக்கும்போதெல்லாம் வரிசையில் நிற்கவைத்து வெட்டுவார்களாம். படிப்பு முடிந்த பிறகுதான் தன் முடி எப்படி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரிந்ததாம். இவ தலையில கத்தி படக்கூடாது என்றாள். அப்போது அவளுக்குத் தமிழ் வராது. எனக்கு அவள் மொழி அரைகுறை. ஆனாலும் தெளிவாகப் புரிந்தது. புரிந்தது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் நேற்று அவளுக்கு எழுதினேன், அக்கா வேண்டிக்கிட்டா, நாளன்னைக்கு முடி எடுக்கறோம் என்று. கேட்கவில்லை. தகவல் சொன்னேன். தகவல் சொல்கிற மாதிரி எழுதினால் கேள்வி வராது என்று நினைத்தேன் போலிருக்கிறது. போன் ஜன்னல் கட்டையில் இருக்கிறது. போட்டோவில் அவளைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவன் நாளைக்கு மாரியை...

முறுக்கு. பின்னலை விட்டுவிட்டு இன்று முறுக்கிப் பார்க்கிறேன். இரண்டு இழை போதும். நூலில் இரட்டை இழை முறுக்குவது எனக்குக் கை வந்தது. ஒவ்வொரு இழையையும் ஒரு பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை. முடியை ஈரத்தோடு எடுக்கிறேன், இலைச்சாறு, நுனிவரை விரலால் நீவி, இரண்டாகப் பிரித்து, முறுக்கி, எதிர்முறுக்கு. நுனியில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. கதவு. நீவும்போது இழுபடுகிறது. இழுபட்டுக்கொண்டே போகிறது. பிடரி தாண்டி, கழுத்து தாண்டி. கையை எடுத்தால் கொஞ்சம் மேலே ஏறுகிறது, ஆனால் முறுக்கு விட்டுக்கொடுக்காமல் பிடித்து நிறுத்துகிறது. அடுத்தது. அடுத்தது. வலிக்குதா சாமி? இல்லப்பா, தூக்கம் வருது. அவள் தலை என் முழங்காலில் சாய்கிறது. பொரிகடலை மடியில். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், துணி துவைத்தால் சுருங்கும், சுருங்கின துணியை வைத்து அது மெஷினில் எத்தனை மீட்டர் ஓடியது என்று எவனாவது சொல்வானா. தெருவே சொன்னது. நானும் சொன்னேன். முடி வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அத்தனை அறுந்த பிறகும். தனக்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்து வளர்ந்திருக்கிறது. நாளைக்குப் போகப்போகிற முடி. இன்றைக்குப் பார்த்தே தொலைக்க வேண்டுமா அதை. தெரியாமலே போயிருந்தால் நல்லதோ. பாதித் தலை முடிந்துவிட்டது. பாதி இன்னும் பந்து. இடப்பக்கம் நஃபுலாவின் மகள், வலப்பக்கம் தெருக்காரர்கள் சொல்கிற பிள்ளை. படியில் காலடிச் சத்தம். அக்கா.

அக்கா ஒரு கையில் நாளைக்கு உடுத்த பட்டுப்பாவாடை, இன்னொரு கையில் சந்தனக்கட்டை. மொட்டைத் தலையில் அப்பிவிட்டால் குளிர்ச்சி என்று தேடி எடுத்திருக்கிறாள். இரண்டையும் கட்டிலில் வைக்கிறாள். நான் கையைத் துடைக்கவில்லை. மாரி விழித்துக்கொண்டு, எழுந்து போய் ஜன்னல் கட்டையில் போனை எடுக்கிறாள், அம்மா படம் இருக்குது என்கிறாள், நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அமுக்கிவிட்டாள். முதலில் தகரக் கூரையில் மழைச் சத்தம். பிறகு நஃபுலா, எங்கள் தெருவில் கற்ற தமிழில், எல்லாவற்றுக்கும் ங்க போட்டு. "சென்னி, படிச்சேனுங்க. என்ற புள்ளைக்காக அக்கா தூங்காம இருந்தாங்க. நான் மறக்கலைங்க. சாமிக்குச் சொன்னது சாமிக்குக் குடுக்கோணும். எடுக்கறதுன்னா எடுங்க, முடி மறுக்கா வரும். ஆனா மாரியக் கேளுங்க. என்னைய ஆரும் கேக்கலைங்க, வரிசைல நின்னேன், அவ்ளோதான். அவளக் கேட்டுட்டு எடுங்க." பிறகு கொஞ்ச நேரம் மழை மட்டும். கடைசியில், "போலெ போலெ வாருங்க." நின்றுவிட்டது. ராத்திரியெல்லாம் நான் பயந்த குரல் இது இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். மாரியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திக்கொண்டாள். "அம்மிணி, உனக்குக் காய்ச்சல் வந்தப்ப அத்தை சாமிகிட்ட உன்ற முடியத் தர்றேன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமச் சொல்லிட்டேன். குடுக்கலாமா?" மாரி போனைக் கட்டிலில் வைத்தாள். ஒரு முறுக்கை இழுத்து வாயருகே கொண்டுபோய், விட்டாள். "எல்லாமா?" அக்கா எல்லாம் என்று சொல்லவில்லை. சாமிகிட்டப் போயிட்டா சாமி என்ன பண்ணும் என்று மாரி கேட்டாள். வெச்சுக்கும் என்றாள் அக்கா. மாரி அதை யோசித்தாள். "சாமிக்கு இத நனைக்கத் தெரியுமா அத்தை? தெரியாம வாருனா டிக்குனு போயிரும்." அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மாரியைத் திருப்பி நிறுத்தி, முடிந்த பாதியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, ஏதோ சுட்டுவிடும் என்பதுபோல மெல்ல, கீழே நீவினாள். அது கழுத்தைத் தாண்டி, தோள்பட்டை எலும்பைத் தாண்டி, அவள் விரல் போன இடமெல்லாம் வந்தது. நுனியில் விளக்கெண்ணெய் மினுங்கியது. அக்கா அதைப் பிடித்தபடியே இருந்தாள். "இத்தன நாளா இது எங்கடா இருந்துச்சு?" இங்கதானுங்கக்கா இருந்துச்சு என்றேன். அவள் நுனியில் மூன்று விரலை ஒட்டவைத்து அளந்தாள். அளந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மாரியின் காதில் சொன்னாள், அத்தைக்கு இத்தனூண்டு குடுத்தாப் போதும், சாமிகிட்ட நான் பேசிக்கறேன் என்று. மாரி திரும்பிப் பார்த்து அந்த மூன்று விரலையும் சரிபார்த்தாள். சரி, ஆனா நனைச்சுத்தான் வெட்டோணும் என்றாள். அக்கா சந்தனக்கட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போகவில்லை. தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து புட்டியை எடுத்து, இதை எப்படி அமுக்குவது என்று கேட்டாள். பாதித் தலை இன்னும் பாக்கி. தண்ணீர் முதலில் என்றேன். அவள் தெளித்தாள். தெளித்துவிட்டு மாரியின் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

அவர் சொன்னது அத்தோடு முடிந்தது. முடியின் நீளத்தை மட்டும் நான் நம்பவில்லை. நாள் முழுவதும் சுருக்கம் அளக்கிறவளுக்கு அந்த அளவு கூடுதலாகப் பட்டது. அப்பாக்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நஃபுலா அக்கா கென்யாவிலிருந்து திரும்பி வந்த பிறகு என்னையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது தொடலாமா என்று கேட்டேன். நனைந்திருக்கிறது, தொடலாம் என்றாள். நீளம் அவர் சொன்னபடிதான் இருந்தது. எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அண்ணனின் அக்கா தெய்வாத்தாள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பூமுடி கொடுத்தது நிஜமா, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மூன்று விரல்கடைதான், நனைத்துத்தான் வெட்டினார்கள் என்றார். வெட்டினதை வாழையிலையில் வைத்ததும் முறுக்கு அவிழ்ந்து, காய்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டதாம். ஆத்தாவிடம் இவ்வளவு சொல்லிவிட்டு இத்தனைதான் கொண்டுவந்தோமா என்று அவருக்கு உடம்பு வேர்த்துவிட்டதாம். அதனால் தீபாராதனை காட்டுகிறபோது எல்லாரும் கும்பிட, தான் மட்டும் கும்பிடாமல், இலையிலிருந்து அந்த முடியை எடுத்து, இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பிடித்து, முழு நீளத்தையும் சாமிக்குக் காட்டிக்கொண்டு நின்றாராம்.